அட்டையில் ‘ரீமாஸ்டர்’ என்று எழுதியிருந்தால் வாங்கலாமா?

கேள்வி இது: “அறுபதுகள், எழுபதுகளின் ராக் ஆல்பங்கள் பழைய சிடிகளாக என்னிடம் இருக்கின்றன. இப்போது அதே ஆல்பங்கள் ரீமாஸ்டர், டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ் என்று பெரிய பெட்டிகளாக வருகின்றன. எதை வாங்கலாம், எதை விடலாம்? புதியதை வாங்கினால் பழையதை விற்றுவிடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விற்காதீர்கள். புதியதை வாங்கி, இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்துக் கேட்டு, புதியதே மேல் என்று உங்கள் காது சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள். ‘ரீமாஸ்டர்’ என்ற சொல் எந்தத் தரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், அதில் யார் கை வைத்தார்கள், நாம் இதுவரை கேட்காத எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெட்டிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ராக் ஆல்பம் முடியும்போது இரண்டு வகை நாடாக்கள் மிஞ்சும். டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் ஆகியவை தனித்தனித் தடங்களில் இருப்பது மல்டிடிராக் நாடா. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் சேர்த்து, இடம் வலம் என இரண்டு தடங்களாக இறக்கியது மாஸ்டர் நாடா. ரீமாஸ்டர் செய்பவர் இந்த இரண்டாவது நாடாவை எடுத்துப் புதிதாக டிஜிட்டலுக்கு மாற்றி, அதன் ஒலி அளவையும் தாழொலி, மேலொலி விகிதத்தையும் சீர்செய்கிறார். பாட்டின் உட்புறத்தை அவரால் மாற்றியமைக்க முடியாது. ரீமிக்ஸ் செய்பவர் மல்டிடிராக் வரை திரும்பிப் போய் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்கிறார். பின்னால் புதைந்திருந்த கிடாரை முன்னே கொண்டுவரவும் அவரால் முடியும். இரண்டும் வெவ்வேறு வேலைகள். விளம்பரங்களில் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படும். வாங்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மறுபதிப்புகளுக்குத் தேவை ஏன் வந்தது என்பதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. 1982இல் சிடி சந்தைக்கு வந்ததும், கம்பெனிகள் கிடங்கில் கைக்கு எட்டிய நாடாவை எடுத்து அவசரமாகச் சிடியாக்கின. பல நேரங்களில் அது எல்பி (பெரிய கருப்பு இசைத்தட்டு) வெட்டுவதற்காகவே ஒலியைச் சரிக்கட்டி வைத்திருந்த நகல் நாடா. பீட்டில்ஸ் ஆல்பங்கள் 1987இல்தான் முறையாகச் சிடியில் வந்தன. முதல் நான்கும் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காத ஒரே தட ஒலியில் மட்டும். அந்தச் சிடிகளே 22 ஆண்டுகள் கடைகளில் இருந்தன. 2009 செப்டம்பர் 9 அன்று ஸ்டீரியோ, மோனோ என இரு தொகுப்புகளாக ரீமாஸ்டர்கள் வந்தபோது, அது வியாபாரத் தந்திரம் என்று யாரும் குறைகூற முடியாது. அபே ரோடு ஸ்டூடியோ பொறியாளர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்த பலன் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது.

எல்லா முதல் சிடிகளும் மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் ஆரம்பகால ஜப்பானியச் சிடியை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். நாடாவில் இருந்ததை யாரும் தொடாமல் அப்படியே மாற்றியிருந்தால், அந்தப் பழைய சிடியே சிறந்ததாக இருக்கலாம்.

அடுத்தது, ரீமாஸ்டர் என்ற பெயரில் நடந்த பெரும் கேடு. சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கம்பெனிகள் தங்கள் சிடி பக்கத்துச் சிடியைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று போட்டி போட்டன. உச்சத்தை உயர்த்த முடியாததால், மெல்லிய இடங்களைத் தூக்கி உச்சத்தோடு ஒட்டினார்கள். டிரம்ஸ் அடி விழும்போது எழ வேண்டிய கூர்மை மழுங்கிப் போனது. முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாகத் தோன்றும்; அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாக நம் காதுக்குத் தோன்றுவதால்தான் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கச் சொன்னேன்.

இக்கி பாப்பும் ஸ்டூஜஸும் 1973இல் வெளியிட்ட ‘ரா பவர்’ ஆல்பத்தின் கதை இதற்குச் சரியான உதாரணம். அப்போது வெளியான மிக்ஸைப் பெரும்பாலும் செய்தவர் பாடகர் டேவிட் போவி. ஒல்லியான ஒலி, பின்னால் போன பேஸ் என்று குறை சொல்லப்பட்ட மிக்ஸ் அது. 1997இல் இக்கி பாப் தாமே ரீமிக்ஸ் செய்தார். மீட்டர் முழுக்கச் சிவப்பில் நிற்கும் அளவுக்குச் சத்தம். பிறகு 2010இல் வந்த பதிப்பு போவியின் மிக்ஸுக்கே திரும்பியது. குறையுள்ள அந்த மிக்ஸ்தான் 1973இல் கேட்டவர்களை உலுக்கியது. கலைஞரே உட்கார்ந்து செய்தாலும் புதியது மேலாக இருக்கும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னும் மோசமானவை நடந்திருக்கின்றன. ஓஸி ஆஸ்போர்னின் ‘பிளிசர்ட் ஆஃப் ஓஸ்’, ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ இரண்டும் 2002இல் மறுபதிப்பாக வந்தபோது, முதலில் வாசித்த பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு வேறு இருவரை வாசிக்க வைத்திருந்தார்கள். பின்னணியில் ராயல்டி வழக்கு இருந்தது. 2011 பதிப்பில்தான் அசல் வாசிப்பு திரும்பி வந்தது. எண்பதுகளில் இசட்இசட் டாப் குழுவின் எழுபதுகளின் ஆல்பங்கள் சிடியானபோது, டிரம்ஸ் ஒலியைக் காலத்துக்கேற்ப மாற்றி ரீமிக்ஸ் செய்திருந்தார்கள். ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ அசல் மிக்ஸில் கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பதிப்புகளைப் பழைய கடைகளில் மலிவாகப் பார்த்தால், ஆண்டைப் பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள்.

சரி, நல்லது எப்படி இருக்கும்? நான் எப்போதும் காட்டும் உதாரணம் தி ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நடந்த கச்சேரி. அந்த ஆண்டே வந்த எல்பியில் ஆறு பாட்டுகள் மட்டுமே. திருட்டுப் பதிவு போலத் தோன்ற வேண்டும் என்று பழுப்பு நிற வெற்று அட்டை. உள்ளே பழைய ஒப்பந்தங்கள், கடிதங்கள், சுவரொட்டியின் நகல்கள். நாடாவில் சரசரப்பு இருந்தது. ‘சரசரப்பு சரிதான், திருத்த வேண்டாம்’ என்று தட்டின் லேபிளிலேயே எழுதிவிட்டார்கள். 40 நிமிடத்துக்கும் குறைவான அந்தத் தட்டு, மேடை ராக் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாக நின்றது.

1995இல் ஜான் ஆஸ்ட்லி அதை ரீமிக்ஸ் செய்து, சரசரப்பை டிஜிட்டல் முறையில் நீக்கி, 14 பாட்டுகளாக விரித்தார். அப்போதுதான் தெரிந்தது, எல்பியில் கேட்டது கச்சேரியின் சிறு பகுதி மட்டும் என்று. ‘ஹெவன் அண்ட் ஹெல்’ பாட்டில் பேஸும் டிரம்ஸும் மோதிக்கொண்டு தொடங்கும் விதத்தைக் கேட்டால், அதை 25 ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்தார்களே என்று ஆற்றாமையாக இருக்கும். 2001 டீலக்ஸ் பதிப்பில் இரண்டாவது சிடியாக, ஒரே கதையைப் பாட்டுகளாகச் சொல்லும் அவர்களின் ராக் ஆபரா ‘டாமி’யின் மேடை வாசிப்பு சேர்ந்தது. மேடையில் ‘டாமி’ கச்சேரியின் நடுவில் வந்தது. சிடியின் கொள்ளளவுக்காக அதைத் தனியே பிரித்துக் கடைசியில் வைத்தார்கள். கச்சேரியின் ஏற்ற இறக்கம் இதனால் சற்றுக் குலைகிறது. எனக்கு உள்ள ஒரே மனக்குறை அதுதான். 2010இல் வந்த பெட்டியில் மறுநாள் ஹல் நகரில் நடந்த கச்சேரியும் சேர்ந்தது. அங்கே தொடக்கப் பாட்டுகள் சிலவற்றில் பேஸ் பதிவாகவில்லை. லீட்ஸில் அதே பாட்டுகளுக்கு வாசித்த பேஸை எடுத்து அங்கே பொருத்தினார்கள். முதல் நாள் வாசித்தது மறுநாள் வாசிப்போடு பொருந்துகிறது என்றால் அந்த நால்வரும் எவ்வளவு இறுக்கமாக வாசித்திருக்கிறார்கள்!

அறுபதுகளின் ஆல்பங்களில் மோனோ, ஸ்டீரியோ சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1967இல் ‘சார்ஜன்ட் பெப்பர்’ உருவானபோது இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர்தான். பீட்டில்ஸ் நால்வரும் உடனிருந்து கவனித்தது மோனோ மிக்ஸை. ஸ்டீரியோ பின்னர் அவர்கள் இல்லாமல் விரைவாக முடிக்கப்பட்டது. ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் சற்று வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஓடும். ஸ்டீரியோவில் மந்தமாக இழுக்கும். உலகம் முழுவதும் பெரும்பாலோர் பல பத்தாண்டுகள் கேட்டது அந்த மந்தமானதைத்தான்.

2017இல் 50ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் பொறியாளர் சாம் ஓகெல்லும் ஸ்டீரியோவைப் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டதால் அந்தப் பாட்டும் சரியான வேகத்துக்கு வந்தது. இங்கே ரீமிக்ஸுக்கு வலுவான தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்று இருந்தது நான்கு தடக் கருவி. நான்கும் நிறைந்ததும் அவற்றை இன்னொரு நாடாவில் ஒன்றிரண்டு தடங்களாக இறக்கி, மீதி இடத்தில் மேலும் வாசித்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் ஏறும், தெளிவு குறையும். அந்த முதல் தலைமுறை நாடாக்களை அபே ரோடு பத்திரமாக வைத்திருந்தது. ஜைல்ஸ் அவற்றுக்கே திரும்பிப் போய்ச் சேர்த்ததால், ரிங்கோவின் டிரம்ஸ் 50 ஆண்டுகளில் முதன்முறையாகத் திரை விலகியதுபோல் கேட்கிறது. 2022இல் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பம் புதிய மிக்ஸில் வந்தபோது தொழில்நுட்பம் இன்னும் ஒரு படி முன்னேறியிருந்தது. ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றும் ஒரே தடத்தில் கலந்து பதிவானவை. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள், கொதித்து இறக்கிய குழம்பிலிருந்து புளியையும் உப்பையும் தனியே எடுப்பதுபோல் அவற்றைப் பிரித்துக் கொடுத்தது.

இவ்வளவு பாராட்டிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ‘பெப்பர்’ பெட்டியில் மோனோ மிக்ஸ் இருந்தது, ‘ரிவால்வர்’ பெட்டியிலும் இருந்தது. 2018இல் வந்த ‘ஒயிட் ஆல்பம்’ பெட்டியில் மோனோ இல்லை. 2019இல் வந்த ‘அபே ரோடு’ பெட்டியில் 1969ஆம் ஆண்டின் அசல் மிக்ஸே இல்லை. புதியதை மட்டும் வைத்துப் பழையதை விடுவது வரலாற்றை மாற்றி எழுதுவதற்குச் சமம். இதில் சரியாக நடந்துகொள்பவர்கள் கிங் கிரிம்சனும் ஜெத்ரோ டல்லும். 2009 முதல் கிரிம்சன் ஆல்பங்களையும், பிறகு டல் ஆல்பங்களையும் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்து வருகிறார். புதிய மிக்ஸோடு, அசல் மாஸ்டர் நாடாவை எந்த மெருகும் ஏற்றாமல் மாற்றிய பதிவும் அந்தப் பதிப்புகளில் பெரும்பாலும் இருக்கும். ஜெத்ரோ டல் வரிசை கெட்டி அட்டைப் புத்தக வடிவில், மற்றவர்களின் பெட்டிகளோடு ஒப்பிட்டால் நியாயமான விலையில் வருகிறது. ‘அக்வாலங்’ 1971இல் வந்தபோதே அதன் ஒலி மங்கல் என்று பேச்சு. புதிதாகத் திறந்த ஸ்டூடியோவில் சிரமப்பட்டுப் பதிவு செய்தது அது. வில்சனின் 2011 மிக்ஸைக் கேட்டவர்கள் பழையதற்குத் திரும்புவது அரிது. இருந்தாலும் பழையது கையில் இருக்க வேண்டும் என்பேன்.

பெட்டியின் பருமனைக் கண்டு மயங்க வேண்டாம். 2011இல் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட இம்மர்ஷன் பெட்டிகளில் கோலிக்குண்டுகள், கழுத்துத் துணி, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகள் எல்லாம் இருந்தன. அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே ‘டார்க் சைட்’ பெட்டியில் 1974 வெம்ப்ளி கச்சேரி, ஆல்பத்தின் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் செய்த குவாட்ரஃபோனிக் (நான்கு ஒலிபெருக்கிகளுக்கான) மிக்ஸ், ஆல்பம் முழுமை பெறுவதற்கு முந்தைய 1972ஆம் ஆண்டின் ஆரம்ப மிக்ஸ் ஆகியவையும் இருந்தன. 2023இல் வந்த 50ஆம் ஆண்டுப் பெட்டியில் சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலிக்கும் அட்மாஸ் மிக்ஸ் புதிதாகச் சேர்ந்தது. அந்த 1972 மிக்ஸ் இல்லை. எனவே இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை பழைய பெட்டியே செறிவானது.

பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ பெட்டியில் ஒரு புதையலே வந்தது. 1975இல் அபே ரோட்டில் வேறொரு பதிவுக்காக வந்திருந்த ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியை அழைத்துத் தலைப்புப் பாட்டுக்கு வாசிக்க வைத்தார்கள். ஆல்பத்தில் அந்த வாசிப்பு கேட்காத அளவுக்குப் புதைந்துபோனது. அழிந்துவிட்டது என்றே பலரும் நம்பியிருந்த அந்தப் பதிவு 2011இல் முழுதாக வெளிவந்தது. பின்னாளில் நம் எல். சுப்ரமணியத்துடன் சேர்ந்து ஆல்பம் செய்த அதே கிராப்பெல்லிதான். பாட்டின் முடிவில் வயலின் மெல்ல மேலேறுவதைக் கேட்கும்போது, இத்தனை மறுபதிப்புகளையும் ஏன் பின்தொடர்கிறேன் என்பது எனக்கே விளங்குகிறது.

சரியாக 50ஆம் ஆண்டில் ஏன் இவ்வளவு பெட்டிகள் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். கொண்டாட்டம் ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் பதிவாகி 50 ஆண்டுகளுக்குள் வெளியிடாத பதிவுகளுக்கு இந்த நீட்டிப்பு இல்லை. அதனால் கம்பெனிகள் கிடங்கைத் திறந்தே ஆக வேண்டியதாயிற்று. 2012 முடிவில் பாப் டிலனின் 1962ஆம் ஆண்டுப் பதிவுகள் ஐரோப்பாவில் ஏறக்குறைய 100 பிரதிகள் மட்டும் வந்தன; ‘காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு’ என்று அதன் தலைப்பிலேயே ஒளிவுமறைவின்றி இருந்தது. 2015இல் 1965–66 பதிவுகள் 2 சிடி, 6 சிடி, 18 சிடி என மூன்று அளவுகளில் வந்தன. 18 சிடி பெட்டி 5,000 பிரதிகள், விலை 600 டாலர். ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டு வால்ட்ஸ் தாளத்தில் தொடங்கித் தடுமாறி நாம் அறிந்த உருவத்தை அடைவதை 6 சிடி பெட்டியிலேயே முழுதாகக் கேட்கலாம். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

எல்பி வாங்குபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பீட்டில்ஸ் ஸ்டீரியோ எல்பிகள் 2012இல் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டப்பட்டவை; 2014 மோனோ எல்பிகள் டிஜிட்டலே தொடாமல் நாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை. இரண்டாவது வகையைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ‘அசல் நாடாவிலிருந்து’ என்ற வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற புகழ்பெற்ற நிறுவனம் பல தட்டுகளில் இடையே ஒரு டிஜிட்டல் படியைப் பயன்படுத்தியிருந்தது 2022இல் வெளிவந்து, வழக்காகி, இழப்பீட்டில் முடிந்தது. அந்தத் தட்டுகள் கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

வெளியான வாரத்திலேயே வாங்கும் ஆசையையும் அடக்குங்கள். 2017இல் வந்த போவி பெட்டியில் ‘ஹீரோஸ்’ பாட்டின் நடுவே ஒலி திடீரென்று இறங்கியது. கம்பெனி முதலில் அது அசல் நாடாவின் குறை என்றது. எதிர்ப்பு வலுத்ததும் மாற்றுத் தட்டுகள் அனுப்பியது. இரண்டு மாதம் பொறுத்தால் இப்படிப்பட்ட குறைகள் தெரிந்துவிடும். எண்ணிக்கை வரம்பு குறிப்பிடாத பெட்டிகளின் விலையும் பல நேரங்களில் அதற்குள் இறங்கும். இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் அஞ்சல் செலவையும் சுங்கவரியையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். எடை மிகுந்த எல்பி பெட்டிகளுக்கு அது பெருந்தொகையாகிவிடும்.

வைத்திருக்கும் முறை பற்றிச் சுருக்கமாக: தொண்ணூறுகளின் தடித்த சிடி பெட்டிகளுக்குள் நுரைப்பஞ்சு இருந்தால் உடனே எடுத்து எறியுங்கள், அது நாளடைவில் உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தில் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகள் சில செம்பு நிறமாக மாறிப் பழுதாகின்றன. பழையதை வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். எல்பிகளை நிமிர்த்தி வையுங்கள். கடலோர ஊர்களில் அட்டைப் பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

உங்களிடம் உள்ள பட்டியலில் எதிலிருந்து தொடங்குவது? ‘லைவ் அட் லீட்ஸ்’ 2001 இரட்டைச் சிடியில் தொடங்குங்கள். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அடுத்து ‘பெப்பர்’ 50ஆம் ஆண்டுப் பதிப்பின் இரட்டைச் சிடி, பிறகு ‘அக்வாலங்’ புத்தகப் பதிப்பு. லெட் செப்பலின் பிடிக்கும் என்றால், அந்தக் குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் 2014, 2015இல் மேற்பார்வையிட்ட டீலக்ஸ் வரிசையில் முதல் ஆல்பம். அதன் துணைச் சிடியில் 1969 பாரிஸ் ஒலிம்பியா கச்சேரி இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ 2010 பதிப்பைப் பொறுத்தவரை, கூடுதல் சிடியில் உள்ள பாட்டுகள் சிலவற்றில் பாடகர் மிக் ஜாகர் பிற்காலத்தில் புதிதாகப் பாடிச் சேர்த்திருக்கிறார் என்பதை அறிந்து வாங்குங்கள். 1972இல் வந்த ஆல்பம் மட்டும் போதும் என்றால் ஒற்றைச் சிடியே நிறைவானது.